சேமியாவுக்கு ஊசி போடும் நாள்

1

செவ்வாய்க்கிழமை தபால் பெட்டியைத் திறந்தால் மளிகைக் கடைக் கூப்பன்களுக்கு நடுவே ஓர் அட்டை கிடந்தது. டெக்ஸஸில் நாங்கள் முன்பு குடியிருந்த காப்பெல் முகவரிக்கு அனுப்பியது. அதன் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, இங்கே கலிஃபோர்னியாவில் சான் ரமோனுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். முன்பக்கம் ஒரு நாயும் பூனையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் படம். பின்பக்கம், 'அன்புள்ள சேமியா, உன் வருடாந்திரத் தடுப்பூசிக்கு நேரமாகிவிட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

சேமியா எங்கள் வீட்டு ஃபெரட். எங்கள் வீட்டு என்று கை தானாக எழுதிவிட்டது. அது இப்போது இங்கே இல்லை, காப்பெல்லில் அக்கம்பக்கத்தில் இருந்த சறோ ஆன்ட்டியிடம் இருக்கிறது. இங்கே இருக்கவும் கூடாது, ஏனென்றால் கலிஃபோர்னியாவில் ஃபெரட் வளர்ப்பது சட்டத்துக்கு விரோதம். டெக்ஸஸில் கடையிலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ஒரே தேசம்தான், ஒரே கொடிதான், ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் அது குற்றம்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஃபெரட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கீரிப்பிள்ளையைத் துவைத்து, இழுத்துக் காயப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். முழ நீளம், குட்டைக் கால்கள், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. கடித்தால் நன்றாக வலிக்கும். என் மாமியாரிடம் இதை விளக்க இரண்டு சர்வதேச ஃபோன் கார்டுகள் தீர்ந்தன. கடைசியில், "சரிம்மா, பெருச்சாளின்னு சொல்லு, அதுக்கு ஏன் இவ்வளவு சுத்துற?" என்றார்.

அட்டையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் நஸீர் செய்த முதல் காரியம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டது. நான் மிகைப்படுத்தவில்லை.

"இதை எதுக்கு டேபிள் மேல வச்சிருக்க? நம்ம பேரு, கலிஃபோர்னியா அட்ரஸ், ஃபெரட்டுக்கு ஊசி, எல்லாம் ஒரே கார்டுல இருக்கு. யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"போஸ்ட்மேன் ஏற்கெனவே பார்த்துட்டாருங்க."

"ஜோக் அடிக்காத ரஹீமா. நாளைக்கே ஃபோன் பண்ணி சறோ ஆன்ட்டி பேருக்கு மாத்திடு. முடிஞ்சது."

கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற மனிதர் அவர். பத்து வருடமாக நிற்கிறார். சிவப்பு விளக்கில் எதிரே ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் விளக்கு பச்சையான பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் கிளம்புவார். அவர் பயத்தைக் கேலி செய்வேனே தவிர, அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தின் நிழலில்தான் நானும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

மறுநாள் மகள் அஃப்ரின் ஸ்கூலுக்குப் போன பிறகு அந்தக் கால்நடை மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் ஃபைலைப் பார்த்துவிட்டு, உரிமையாளர் பெயர் அஃப்ரின் என்று இருக்கிறதே என்றாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் தடவை போனபோது அஃப்ரினுக்கு ஆறு வயது, பெரிய எழுத்தில் எழுதப் பழகியிருந்தாள். 'நான்தான் எழுதுவேன்' என்று ஃபாரத்தைப் பிடுங்கி எழுதினாள். ஒரு ஃபாரத்திலாவது தன் பெயர் இல்லை என்கிற நிம்மதியில் நஸீரும் விட்டுவிட்டார்.

"அம்மாவா நீங்களும் கையெழுத்துப் போடலாம். ஆனா அவளும் போடணும்," என்றாள் அந்தப் பெண். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் அவர்களுடைய செல்லப்பிராணியைப் பெற்றோர் சத்தமில்லாமல் கைமாற்றிவிடுவது உண்டாம். அதனால் இது டாக்டரே வைத்திருக்கிற வழக்கமாம். ஃபாரத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னாள்.

ஃபோனை வைத்துவிட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை. அஃப்ரின் ஸ்கூலில் இருக்கிற நேரம். முகம் சுட்டது.

சான் ரமோனுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் அவள் வாயிலிருந்து சேமியா என்ற சொல் வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு நான் சேமியாப் பாயசம் வைத்தபோதுகூட, "ஐ டோன்ட் வான்ட் தட்," என்று கிண்ணத்தைத் தள்ளினாள். அவளிடம் போய், 'இந்தா, இங்கே கையெழுத்துப் போட்டு உன் சேமியாவை எழுதிக் கொடுத்துவிடு' என்று நான் சொல்ல வேண்டும்.

2

அஃப்ரின் முதலில் கேட்டது நாய். நாங்கள் தொழுகிற வீடு, நாய் வேண்டாம் என்றோம். அடுத்துப் பூனை கேட்டாள். அதற்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அபார்ட்மென்ட் ஒப்பந்தத்துக்கு இருந்தது. 'நாய் கூடாது, பூனை கூடாது' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நஸீர் அந்த ஒப்பந்தத்தின் பன்னிரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்து, ஃபெரட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று கண்டுபிடித்தார். அவருடைய அமெரிக்க வாழ்க்கையில் அவர் ஒரு விதியில் கண்ட ஒரே ஓட்டை அதுதான். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நானும் சம்மதித்துத் தொலைத்தேன்.

அஃப்ரின் வைக்க நினைத்த பெயர் நூடுல். கடையில் பிடித்து வைத்திருந்தபோது அது அவள் கையிலிருந்து அப்படித்தான் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "நம்ம வீட்டுல அதுக்குப் பேரு சேமியா," என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. எடிசனில் பிறந்து டெக்ஸஸில் வளர்ந்த பிள்ளை ஒரு தமிழ்ச் சொல்லைத் தானே விரும்பி வைத்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அது தமிழ்ச் சொல்தானா என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். எங்கள் சமையலறையில் இருந்தது, அது போதும்.

வாங்கியவுடன் நான் தெரிந்துகொண்டது, இது பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற பொம்மை இல்லை என்பது. பிள்ளை ஸ்கூலுக்குப் போகும், அப்பா ஆபீஸுக்குப் போவார். வீட்டில் இருப்பது நான் மட்டும். எச் ஃபோர் விசாவில் வந்த மனைவிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. திருச்சியில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் நடத்திக்கொண்டிருந்தவள் நான். இங்கே காலை ஒன்பது மணிக்கு மேல் நடந்து நடந்து வீட்டின் கார்ப்பெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சேமியா வந்த பிறகு நடக்க ஒரு துணை கிடைத்தது.

3

ஃபெரட் வளர்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். ஊரில் யாரும் வளர்க்கப் போவதில்லை, இருந்தாலும் பட்டதை எழுதி வைக்கிறேன்.

அது நாறும். கடையில் அறுவைசிகிச்சை செய்து வாசனைச் சுரப்பியை எடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள், அப்படியும் ஒரு நெடி இருக்கும். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் நான் முந்தின நாளே சாம்பிராணியைத் தேட ஆரம்பிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாறுகிற பிள்ளைக்கு நம் ஊரில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். அது கத்தியது, நான் கத்தினேன், பாத்ரூம் சுவரெல்லாம் எண்ணெய். மறுநாள் நெடி இன்னும் கூடியது. விடுவேனா? வாரம் இரண்டு முறை என்று ஆக்கினேன். மூன்றாவது வாரம் வீட்டுக்குள் நுழையவே முடியவில்லை.

டாக்டரம்மா அதன் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மேல என்ன போட்டீங்க?" என்றார். எண்ணெய்க் குளியலை நான் ஆங்கிலத்தில் விளக்க, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குளிப்பாட்டக் குளிப்பாட்டத் தோல் வறண்டு, அதைச் சரிக்கட்ட உடம்பு இன்னும் அதிகமாக எண்ணெய் விடுமாம். நெடி அந்த எண்ணெயில்தான் இருக்கிறதாம். அதைக் குளிப்பாட்டாதீர்கள், அது படுக்கிற துணியை வாரம் ஒரு முறை துவையுங்கள், போதும் என்றார். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இது ஒரு பூனை டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

தயிர்சாதம் கொடுக்கக்கூடாது. நான் கொடுத்தேன், அது ஆசையாகச் சாப்பிட்டது, அப்புறம் இரண்டு நாள் மூலைக்கு மூலை வயிற்றுப்போக்கு. அது முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் ஜாதி. அரிசியும் பழமும் அதற்கு ஆகாது. ரப்பர் என்றால் உயிரை விடும், உண்மையாகவே விட்டுவிடும், தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். நஸீரின் டிவி ரிமோட்டில் இருக்கும் பட்டன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன மாதம் நான் தூங்கவில்லை.

அது ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் தூங்கும். தூக்கம் என்றால் நம் தூக்கம் இல்லை. முதல் மாதத்தில் ஒரு மதியம் அதைத் தூக்கினால் தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் தொங்குகிறது. உலுக்கினேன், கூப்பிட்டேன், அசையவில்லை. யாராவது இறந்தால் சொல்கிற இன்னா லில்லாஹியை வாய் சொல்லிவிட்டது. நஸீருக்கு ஃபோன் போட்டேன். மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து படிக்கட்டில் நின்று பேசினார்.

"மெல்லப் பேசு. என்ன ஆச்சு?"

"சேமியா மவுத்தாயிடுச்சுங்க. அஃப்ரின்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அழாத, நான் வரேன். அபார்ட்மென்ட்ல பள்ளம் தோண்ட பெர்மிஷன் வாங்கணுமான்னு பார்க்கணும்."

அவர் ஷூ பெட்டியோடு வந்து சேர்ந்தபோது, நான் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த சேமியா வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, 'டுக் டுக் டுக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு ஆடியது. அது அதன் சந்தோஷ ஆட்டம். நஸீர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அமெரிக்கா வந்த பிறகு ஒரு வேலை நாள் மத்தியானத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் திருட்டு. சாவி, ஸ்பூன், ஆபீஸ் பேட்ஜின் நாடா, என் பேரீச்சம்பழ டப்பாவின் மூடி என்று எதையும் விடாது. ஆனால் அதற்குப் பிரியமானது சாக்ஸ். அதுவும் கழற்றிப் போட்ட அழுக்கு சாக்ஸ். துவைத்ததைத் திரும்பிப் பார்க்காது. எல்லாவற்றையும் சோபாவுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும். நாங்கள் எடுத்தால் கோபித்துக்கொண்டு மறுபடி திருடும்.

4

நஸீரின் புராஜெக்ட் சான் ரமோனுக்கு மாறியது. மாறியது என்றால், போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. போகாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் பத்து வருட வரிசையில் நின்ற இடம் இல்லை. எடிசன், காப்பெல், இப்போது சான் ரமோன். பெட்டி கட்டுவதில் நான் ஒரு டிகிரி வாங்கியிருக்கலாம்.

புது அபார்ட்மென்டின் விண்ணப்பத்தில் செல்லப்பிராணி உண்டா என்று ஒரு கேள்வி. நஸீர் வழக்கம்போல விதிகளைத் தேடிப் படிக்கப் போய், கலிஃபோர்னியாவின் சட்டத்தில் வந்து முட்டினார். அன்று சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னார். அஃப்ரினுக்கு அப்போது எட்டு வயது.

"ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுடலாம் அத்தா. அவ தூங்கிட்டே வருவா."

"அப்படியெல்லாம் பண்ண முடியாதுடா. கிரீன் கார்டு ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. நீ பிடிபடாட்டியும், தெரிஞ்சே ஏதாச்சும் குற்றம் பண்ணியிருக்கியான்னு கேக்கறாங்க. அத்தா அதுல பொய் எழுத முடியாது."

அவள் யோசித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஐ ஆம் எ சிட்டிஸன், அத்தா. அவ என்னோடதுன்னு சொல்லுங்க. என்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாதுல்ல?"

நஸீர் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் வீட்டில் இருக்கும் மூன்று பேரில் இந்த நாட்டுக்குச் சொந்தமானவள் அவள் ஒருத்திதான் என்பது எங்களுக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும் என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது. வலித்தது, நேராகவே சொல்கிறேன்.

உண்மையில் நான் பாதி அவள் கட்சி. ஆனால் அவர் எழுந்து போன விதத்தைப் பார்த்த பிறகு என்னால் வாதாட முடியவில்லை. நானே அஃப்ரினிடம் பேசினேன். "சட்டம்னா சட்டம்தான்டா. நமக்குப் பிடிச்சதுங்கறதுக்காக அதை உடைக்கக்கூடாது," என்று சொன்னேன். சொன்னது நான்தான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பெல் வளாகத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி சறோ ஆன்ட்டி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரி லேபில் வேலை, கணவர் இறந்த பிறகு தனியாக இருப்பவர். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. நான் பாதி சொல்லும்போதே கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும் பிள்ளை. நான் வடிவாப் பாப்பன். ஊரை விட்டு வெளிக்கிடேக்க எங்கட நாயைக் கட்டினபடியே விட்டிட்டு வந்திட்டன். அவிட்டுவிட மறந்துபோனன். இவளையாவது வைச்சுப் பாக்கிறனே."

அஃப்ரின் அவருக்காக நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினாள். 'சேமியாவிடம் என்ன எதிர்பார்க்கலாம்' என்று கலர் பென்சிலில் தலைப்பு. எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. 'அசையாமல் கிடந்தால் பயப்படாதீர்கள். அவள் சாகவில்லை, தூங்குகிறாள். வயிற்றைத் தடவிக்கொண்டே பேர் சொல்லிக் காத்திருங்கள். வருவாள்' என்று ஒரு பத்தி. கடைசியில், 'அவள் திருடுவாள். பிடித்தவர்களின் சாமானை மட்டும்தான் திருடுவாள்' என்று எழுதியிருந்தாள்.

சேமியாவைக் கொண்டுபோய் விட்ட அன்று அஃப்ரின் அழவில்லை. கூண்டை வைத்துவிட்டு, கையேட்டை ஆன்ட்டியின் ஃபிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டிவிட்டு வந்தாள்.

5

காரில் கிளம்பினோம். டெக்ஸஸ் தீரவே ஒரு நாள் ஆனது. அப்புறம் நியூ மெக்ஸிகோ, அரிசோனா, வெயில், சரக்கு லாரிகள், மறுபடி வெயில். அஃப்ரின் பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து சேமியாவின் பழைய படுக்கைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கலிஃபோர்னியாவுக்குள் நுழைகிற இடத்தில் ஃப்ரீவேயை மறித்து ஒரு சோதனைச் சாவடி உண்டு. பயிர்களுக்குப் பூச்சி வந்துவிடக் கூடாது என்று பார்க்கிற இடம். நஸீர் சாவடிக்கு ஒரு மைல் முன்னாலேயே சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். விசாக் காகிதங்கள் இருக்கிற நீலக் கோப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

அதிகாரி குனிந்து, பழம், காய், செடி, விலங்கு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"நோ சார். நோ அனிமல்ஸ். நத்திங், சார்," என்றார் நஸீர். அந்தப் பதிலைச் சொல்வதற்காகத்தான் நாங்கள் இத்தனை பாடுபட்டோம். நிம்மதியாகச் சொன்னார்.

அதிகாரி என் பக்கம் வந்தார். என் காலடியில் பழைய துப்பட்டாவால் சுற்றியிருந்த ஒன்றைக் காட்டி, "மேம், அது என்ன?" என்றார்.

அது என் கறிவேப்பிலைச் செடி. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் விரல் நீளக் கன்றாக வாங்கி, குளிர் காலமெல்லாம் வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து, ஆறு வருடத்தில் இடுப்புயரம் வளர்த்தது. வீட்டுச் சாமான் ஏற்றிப்போகிற பேக்கர்ஸ் லாரியில் செடி ஏற்ற மாட்டார்கள். நஸீரிடம் சொன்னால் விடமாட்டார். அதனால் கிளைகளை வெட்டிக் குட்டையாக்கி, துப்பட்டாவைச் சுற்றி, கிளம்புகிற அன்று அவர் அபார்ட்மென்ட் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் காலடியில் வைத்துக்கொண்டேன். மேலே ஒரு கொத்து எட்டிப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை.

"இட் இஸ் ஃபார் குக்கிங்," என்றேன்.

செடி என்று அவர் கேட்டபோது எனக்கு ரோஜா, குரோட்டன்ஸ், எலுமிச்சை எல்லாம் ஞாபகம் வந்தது, கறிவேப்பிலை ஞாபகம் வரவில்லை என்று பின்னால் நஸீரிடம் சத்தியம் செய்தேன். அது பாதி உண்மை. நமக்கு அது செடி இல்லை, சாமான் பட்டியலில் கடுகுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று. மீதிப் பாதி உண்மை, துப்பட்டாவைச் சுற்றியது யார் என்பது.

அது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்தது, டெக்ஸஸிலிருந்து வந்தால் அதோடு பூச்சி வரும், ஒரு இலைகூட உள்ளே போக முடியாது என்று அவர் பொறுமையாகவே சொன்னார். திட்டவில்லை, அபராதம் போடவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். என் பெயரைக் கேட்டு எழுதி ஒரு ரசீது கொடுத்தார். டிரைவர் லைசென்ஸைத் தவிர, யாருடைய மனைவி என்று குறிப்பிடாமல் என் பெயருக்கு மட்டும் இந்த நாட்டில் வந்த முதல் காகிதம் அதுதான்.

நஸீர் நீலக் கோப்பை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, எனக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் கேட்டாள்.

"அப்ப உன்னோடது மட்டும் ஓகேவாம்மா?"

நான் ரசீதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் பேசவே இல்லை. ஸ்கூல் எப்படி இருந்தது என்றால் 'ஃபைன்', பசிக்கிறதா என்றால் 'ஐ ஆம் ஓகே'. சறோ ஆன்ட்டி வாராவாரம் ஃபோன் செய்வார். சேமியா ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக் கையுறையைக் கொண்டுபோய் ஒளித்த கதையெல்லாம் சொல்வார். நான் ஸ்பீக்கரில் போடுவேன். அஃப்ரின் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள்.

6

ஃபாரம் வெள்ளிக்கிழமை வந்தது. அதற்குள் நான் இந்த வீட்டில் எத்தனை மைல் நடந்தேன் என்று கணக்கில்லை. அவள் கையெழுத்தை நானே போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். இரண்டு வரி, யாருக்குத் தெரியப் போகிறது? அந்த யோசனை வந்தவுடன் துப்பட்டா ஞாபகம் வந்தது.

அவள் ஸ்கூலிலிருந்து வந்து பையை இறக்கினாள். தபால் அட்டையையும் ஃபாரத்தையும் அவள் முன்னால் வைத்தேன்.

"சேமியாவுக்கு வருஷ ஊசி போடணுமாம். ஓனர் நீதான். ஆன்ட்டி பேருக்கு மாத்தினா அவங்க கூட்டிட்டுப் போக ஈசியா இருக்கும். நீ ஸ்கூல்ல இருக்கும்போது உன்னைக் கேக்காமலே மாத்தப் பார்த்தேன். அவங்க ஒத்துக்கல."

அவள் நிமிர்ந்தாள்.

"கறிவேப்பிலைச் செடியும் அப்படித்தான். தெரிஞ்சேதான் மறைச்சேன். உன்னை சேமியாவை விட்டுட்டு வரச் சொல்லிட்டு நான் மட்டும் எடுத்துட்டு வந்தேன். அது தப்புடா. சாரி."

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. என் அம்மா என்னிடம் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜைத் துணியை நீவிக்கொண்டிருந்தேன்.

அவள் ஃபாரம் முழுவதையும் வரி வரியாகப் படித்தாள், அத்தா மாதிரியே. பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். கிரீன் கார்டு வந்தால் டெக்ஸஸுக்குத் திரும்பிப் போவோமா? அதற்குள் சேமியாவுக்கு எத்தனை வயதாகும்?

ஃபெரட் ஏழெட்டு வருஷம்தான் இருக்கும். வரிசை அதைவிட நீளம். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லி இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம். "தெரியலடா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். கையெழுத்து கோத்து எழுதுகிற எழுத்தில்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கூப்பன் தாளின் பின்னால் நான்கு முறை போட்டுப் பழகினாள். பிறகு ஃபாரத்தில் போட்டாள். உரிமை மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அதை விட்டுவிடலாம் என்றேன். அவள் விடவில்லை. 'அங்கே அவளுக்கு அனுமதி உண்டு' என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

அதைப் படித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தால் அவள் தன் சாக்ஸ் ஒன்றைக் கழற்றி ஃபாரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஃபாரம் டாக்டருக்கு, சாக்ஸ் ஆன்ட்டி வீட்டுக்காம். புது வீட்டில் ஆன்ட்டியின் சாமான்களை மட்டும் சேமியா திருடுகிறாள், எங்கள் வாசனை மறந்துவிட்டதோ என்று அவளுக்குக் கவலை. அப்படியானால் ஸ்பீக்கரில் ஆன்ட்டி சொன்னதையெல்லாம் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

"அம்மா, நீயும் ஒண்ணு போடு. அத்தாவும். துவைச்சிராத."

சாயங்காலம் நஸீர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மேஜை மேல் கிடந்த சாக்ஸைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போட்ட சாக்ஸை எல்லாம் தபால்ல அனுப்பலாமா? ஏதும் ரூல்ஸ் இருக்கான்னு பார்க்க வேணாம்?"

அஃப்ரின் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் உட்கார்ந்து இடது கால் சாக்ஸை உருவிக் கொடுத்தார். ஒரு நாள் ஆபீஸ் முழுக்கப் போட்டது, அதில் வேலை ஒன்றும் பாக்கி இல்லை.

எனக்குத்தான் பாக்கி. வீட்டில் செருப்போடு திரிகிறவள் நான். சனிக்கிழமை காலையில் ஒரு சாக்ஸை எடுத்து வலது காலில் மாட்டிக்கொண்டேன். உட்கார்ந்திருந்தால் வாசனை ஏறாது என்று எழுந்து நடந்தேன். அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும், மாடிப்படி ஏறி, மாடிப்படி இறங்கி, ஒற்றைச் சாக்ஸோடு இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இத்தனை வருஷத்தில் நான் நடந்த நடைக்கு அன்றுதான் ஒரு காரணம் இருந்தது.

ஞாயிறு மாலை அஃப்ரின் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு மூன்று சாக்ஸையும் உறைக்குள் திணித்து, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

"போதும்மா. இப்ப அவளுக்குத் தெரியும்," என்றாள்.